ஒரு சொட்டு இரத்தமும் ஒரு சிறு சதைமொட்டும்



பெண்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு செய்தியை இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், உள்ளாடையில் ஒரு சொட்டு இரத்தக் கறை தென்படுகிறது. சில நாள் கழித்து மறுபடியும் ஒரு கறை. சிறுநீர் கழிக்கும்போது இலேசான எரிச்சலும் இருக்கலாம். நின்றுபோன விலக்கு எப்படித் திரும்பி வரும், இது புற்றுநோயாக இருக்குமோ என்று நினைத்து நினைத்துத் தூக்கம் கெடுகிறதே தவிர, பல தாய்மார்கள் வீட்டில் ஒருவரிடமும் வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட கறைக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, சிறுநீர் வெளியேறும் துவாரத்தின் விளிம்பில் தோன்றும் ஒரு சிறு சதைமொட்டு. பெரும்பாலும் அது தீங்கில்லாதது. எளிய சிகிச்சைக்குக் கட்டுப்படுவது. ஆனால் கறைக்குக் காரணம் அந்தச் சதைமொட்டுதான் என்று வீட்டிலிருந்தபடியே நாம் முடிவு கட்டிவிட முடியாது. ஆகவே அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். இதைத்தான் இன்று நாம் விளக்கப் போகிறோம்.

இதை யாருக்காகச் சொல்கிறோம் என்பதையும் சொல்லிவிடுவோம். பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் பகுதியில், 1972-ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றின் அருகிலேயே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் பாயான் பாரு என்னும் புதுநகரை உருவாக்கியது. 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, செபராங் பிறையிலிருந்து தீவுக்கு வருவது இன்னும் எளிதாயிற்று. தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலை வேலைக்கு வந்தார்கள். பலர் பின்னாளில் தாய் தந்தையரையும் தங்களோடு அழைத்து வைத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் நடுவில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பெண் இன்று எழுபதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். நாம் பேசும் சதைமொட்டு மிகுதியாகத் தோன்றுவது மாதவிலக்கு நின்றபின் வரும் இந்தப் பருவத்தில்தான். பாயான் பாரு அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும், இன்னமும் தோட்டத்திலேயே இருக்கும் தாய்மாருக்கும் இந்தப் பேச்சு பொதுவானது.

முதலில் உடலமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியே கொண்டுவரும் குழாய்க்குச் சிறுநீர்த்தாரை என்று பெயர். ஆண்களுக்கு இது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கோ ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். அது பிறப்பு வாசலுக்குச் சற்று மேலே ஒரு சிறு துவாரமாகத் திறக்கிறது. சிறுநீர் வரும் வழி வேறு, குழந்தை பிறக்கும் வழி வேறு. இரண்டும் ஒன்றென்று எண்ணிக்கொண்டிருக்கும் தாய்மார்கள் உண்டு. அருகருகே இருப்பதால்தான் இரத்தக் கறை எதிலிருந்து வந்தது என்பதில் குழப்பம் வருகிறது.

இந்தக் குழாயின் சுவர் ஒரே படலமன்று. உள்ளே மெல்லிய உட்சவ்வு இருக்கிறது. அதற்கு அடியில் மிருதுவான திசுவும், வலைபோலப் பின்னிக் கிடக்கும் இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. அவற்றைச் சுற்றித் தசை இருக்கிறது. இரத்தக் குழாய்களால் ஆன நடு அடுக்கு ஒரு மெத்தையைப் போன்றது. அதில் இரத்தம் நிரம்பியிருக்கும்போது உட்சவ்வின் மடிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி, சிறுநீர் கசியாமல் வழி மூடியிருக்க உதவுகின்றன. குழாய் சிறியதுதான், ஆனால் இரத்த ஓட்டம் மிகுந்த இடம்.

இந்த உட்சவ்வைத் தடிப்பாகவும் ஈரமாகவும், இரத்தக் குழாய் மெத்தையை நிறைவாகவும் வைத்திருக்க உதவுவது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீர். சூலகத்தில் ஊறி, இரத்தத்தில் கலந்து, உடலெங்கும் செல்லும் பொருள் இது. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட்டும் தனித்தனியே ஆராய்ந்து, இந்த வகைச் சுரப்புநீர் ஒன்றைக் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். கருப்பைக்கும் மார்புக்கும் மட்டுமன்றி, சிறுநீர்த்தாரைக்கும் இது வேண்டியிருக்கிறது. பிறப்பு வாசலும் சிறுநீர்த்தாரையின் கீழ்ப்பகுதியும் கருவில் ஒரே மூலத்திலிருந்து உருவாகின்றன. அதனால் இரண்டும் ஈஸ்ட்ரோஜனுக்குக் கட்டுப்பட்டவை.

ஐம்பது வயதையொட்டி மாதவிலக்கு நிற்கிறது. சூலகம் ஓய்வெடுத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் மிகவும் குறைந்துவிடுகிறது. அப்போது பல அடுக்குகளாக இருந்த உட்சவ்வு சில அடுக்குகளாக மெலிகிறது. ஈரம் குறைகிறது. அடியிலுள்ள திசு நெகிழ்வை இழக்கிறது. இரத்த ஓட்டமும் முன்போல் இருப்பதில்லை. பிறப்பு வாசலில் வாழ்ந்து நமக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் குறைந்து, அங்குள்ள புளிப்புத் தன்மையும் குறைகிறது. அதனால் நோய்க்கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. வயதான பெண்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கு இது ஒரு காரணம்.

தோட்டத்துத் தாய்மாருக்குப் பால்மரத்தைக் காட்டிச் சொன்னால் இது உடனே விளங்கும். பால்மரத்தின் பட்டையில்தான் பால் ஓடும் நுண்குழாய்கள் இருக்கின்றன. பட்டை தடிப்பாக இருக்கும்வரை உளி இலேசாகப் பட்டால் ஒன்றும் ஆவதில்லை. பட்டை மெலிந்த இடத்தில் நகம் கீறினாலும் பால் கசிகிறது. உளி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டாலோ, அந்த இடம் சரியாக ஆறாமல் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்கிறது. சதைமொட்டும் ஏறத்தாழ இப்படித்தான். மெலிந்த சவ்வு, அதன்மேல் ஓயாத உராய்வு, ஆறியும் ஆறாமலும் புடைக்கும் சதை, தொட்டால் கசியும் இரத்தம்.

இனி அந்த மொட்டு உருவாகும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மாதவிலக்கு நின்றபின் பிறப்பு வாசலின் திசு சுருங்கி உள்நோக்கி இழுபடுகிறது. சிறுநீர்த்தாரை வாயின் கீழ் உதடு அதை ஒட்டியே இருப்பதால், அதுவும் இழுபட்டு வெளிப்புறமாகப் புரள்கிறது. சட்டைக் கையின் உட்பக்கத் துணி புரண்டு வெளியே தெரிவதுபோல, உள்ளே இருக்க வேண்டிய மெல்லிய சவ்வு வெளியே வந்துவிடுகிறது. இது முதல் படி.

வெளியே வந்த சவ்வு உராய்வைத் தாங்கும்படி அமைந்ததன்று. உள்ளாடை உரசுகிறது; நடக்கும்போது உரசுகிறது; சிறுநீர் படுகிறது. அதனால் அங்கே அழற்சி உண்டாகிறது. அழற்சி என்றால், உடல் தன் காயத்தை ஆற்றுவதற்காக இரத்தத்தையும் வெள்ளணுக்களையும் அந்த இடத்துக்குக் கூடுதலாக அனுப்புவது. அவ்வாறு அனுப்புவதற்காகப் புதிய நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ஏற்கெனவே உள்ளவை விரிகின்றன. சதை வீங்கி மொட்டாகத் திரள்கிறது. இது இரண்டாம் படி.

புதிதாக முளைத்த அந்தக் குழாய்களின் சுவர் மிகவும் மெல்லியது. துடைத்தாலே உடையும். அதனால்தான் வலி இல்லாமலே சொட்டு இரத்தம் கசிகிறது.

மூன்றாவது படியில் இரத்த ஓட்டம் தடைப்படலாம். விரலில் ரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டால் என்ன ஆகிறது? விரல் வீங்கிக் கருநீலமாகிறது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனியின் சுவர் தடிப்பானது, அழுத்தமும் மிகுதி. அது எளிதில் அடைபடாது. இரத்தத்தைத் திரும்ப எடுத்துச் செல்லும் சிரையின் சுவரோ மெல்லியது. சிறு அழுத்தத்திலேயே நசுங்கும். வரும் இரத்தம் வந்துகொண்டிருக்க, போகும் வழி அடைபட்டால் வீக்கம்தான். சதைமொட்டின் அடிப்பகுதி அழுந்தும்போது இதுவே நடக்கிறது. தேங்கிய இரத்தம் சில வேளை உள்ளேயே உறைந்துவிடும். அதுவரை செம்பருத்தி மொட்டைப்போல் சிவந்திருந்த சதை, நாவற்பழ நிறத்துக்கு மாறி, வலி எடுக்கும். இப்படி நிறம் மாறி வலித்தால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

இந்த மொட்டை டாக்டர்கள் 'கரங்கிள்' என்பார்கள். சிறு சதைத் துணுக்கு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. காம்புபோல் நீண்டு தொங்கும் சதையைப் 'பாலிப்' என்றும் சொல்வதுண்டு. இது புதிதாக வந்த நோயன்று. லண்டன் கைஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் ஷார்ப் என்பவர் 1750-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு முன்பும் நம் பாட்டிமாருக்கும் கொள்ளுப்பாட்டிமாருக்கும் இருந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை.

இதை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் என்ன தெரிகிறது? மேல்மூடிய சவ்வு சில இடங்களில் தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும். சில இடங்களில் தேய்ந்து புண்பட்டிருக்கும். அதனடியில் விரிந்த இரத்தக் குழாய்கள், கூட்டமாக நிற்கும் வெள்ளணுக்கள், ஆறிய தழும்பின் நார்த்திசு ஆகியவை காணப்படும். சில மொட்டுகளில் மடிப்புகள் மிகுதி; சிலவற்றில் இரத்தக் குழாய்கள் மிகுதி; சிலவற்றில் அழற்சி மிகுதி. இரத்தக் குழாய்கள் மிகுந்த மொட்டு எளிதில் இரத்தம் கசியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? பெரும்பாலும் துவாரத்தின் கீழ் விளிம்பில், பயறளவோ பட்டாணி அளவோ, மிருதுவாக, இளஞ்சிவப்பாகவோ செக்கச் சிவப்பாகவோ இருக்கும். பலருக்கு எந்தத் தொல்லையும் இராது. கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனபோது மிஸ்ஸியோ டாக்டரோ பார்த்துச் சொன்னபிறகுதான் தெரியும். சிலருக்குக் கறை, எரிச்சல், உட்கார்ந்தால் உறுத்தல், சிறுநீர் சிதறிப் போதல் ஆகியவை உண்டாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாயான் பாருவில் மகள் வீட்டில் இருக்கிறார் ஓர் அம்மா. காலையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சந்தைக்குப் போய் வருவார். சில மாதங்களாகத் தம் துணிகளை மட்டும் தனியே துவைத்து உள்ளேயே காயப்போடுகிறார். மகள் கவனித்துவிட்டுக் கேட்கிறாள்.

"அம்மா, இந்தக் கறை எத்தனை நாளா இருக்கு?"

"சும்மா இரும்மா. தோட்டத்துல இருபது வருஷம் மரம் வெட்டுனவ நான். இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்களா?"

"வலி இருக்காம்மா?"

"வலியெல்லாம் இல்ல. அதான் சொல்றேன், ஒண்ணும் இல்லன்னு."

அந்த அம்மாவின் கடைசிச் சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. வலி இல்லை என்றால் நோய் இல்லை என்பது தவறான கணக்கு. சதைமொட்டும் பல வேளை வலிப்பதில்லை. புற்றுநோயும் தொடக்கத்தில் பல வேளை வலிப்பதில்லை. வலியைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மாதவிலக்கு நின்றபின் தென்படும் இரத்தம் மூன்று இடங்களிலிருந்து வரக்கூடும். ஒன்று, நாம் இதுவரை பேசிய சிறுநீர்த்தாரையின் வாய். இரண்டு, சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும். அங்கே கல், கிருமித்தொற்று, கட்டி ஆகிய எதுவும் இருக்கலாம். அப்போது இரத்தம் பெரும்பாலும் சிறுநீரோடு கலந்தே வரும். மூன்று, கருப்பையும் கருப்பை வாயும். ஓராண்டு விலக்கு இல்லாமல் இருந்த பிறகு வரும் இரத்தம், ஒரே ஒரு சொட்டாக இருந்தாலும், கருப்பைப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளும்வரை விட்டுவிடக் கூடாது என்பது மருத்துவர்களின் விதி. அந்தப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. துணியைத் தனியே துவைத்துக் காயப்போட்ட அந்தச் சில மாதங்களின் விலை இதுதான்.

சிறுநீர்த்தாரையிலேயே புற்றுநோய் வருவதும் உண்டு. அது அரிது. ஆனால் தொடக்கத்தில் சதைமொட்டைப்போலவே தோன்றி ஏமாற்றக்கூடியது. மொட்டு கெட்டியாக இருந்தாலும், விரைவாக வளர்ந்தாலும், மேலே புண்ணாகி ஆறாமல் இருந்தாலும், தொடையிடுக்கில் நெறி கட்டினாலும், மருந்து போட்டும் குறையாவிட்டாலும் டாக்டர்கள் அதில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். "சதை எடுத்துச் சோதிக்கிறார்கள், அப்படியானால் புற்றுநோய்தான்" என்று எண்ணிக் கலங்க வேண்டாம். புற்றுநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்தவும் அந்தச் சோதனைதான் வழி.

தாய்மார்கள் பலர் 'அடி இறக்கம்' என்று சொல்வது வேறு. அது கருப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கிப் பிறப்பு வாசலில் தட்டுப்படுவது. இருமினால், பாரம் தூக்கினால் அது பெரிதாகும். சதைமொட்டு அப்படிப் பெரிதாவதில்லை. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். எது என்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

எங்கே போவது? அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்துக்கு, அதாவது கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அடையாள அட்டையோடு போனால் போதும். மலேசியக் குடிமக்கள் அங்கே வெளிநோயாளராகச் சிகிச்சை பெறக் கட்டணம் 1 வெள்ளி. அங்குள்ள டாக்டர் கடிதம் கொடுத்தால், தீவிலிருப்பவர்கள் ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்குப் பொது மருத்துவமனைக்கும், செபராங் பிறையிலிருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனை போன்றவற்றுக்கும் சென்று நிபுணரைப் பார்க்கலாம். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளி. பணம் இல்லை என்பது தள்ளிப்போடக் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

கூச்சம் இருக்கிறதா? பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். "டோக்டர் பெரெம்புவான்" என்றால் புரியும். விலக்கு நின்றுவிட்டது, ஆனாலும் இரத்தம் வருகிறது என்பதை "சாயா சூடா புத்துஸ் ஹைட், தாப்பி அடா டாரா" என்று சொல்லுங்கள். சிறுநீர் கழிக்கும்போது வலி என்பதற்கு "சாக்கிட் மாசா கென்சிங்" என்று சொன்னால் போதும். இந்த இரண்டு வாக்கியங்களை மகளையோ பேத்தியையோ ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி எடுத்துப் போகலாம். வயிற்று வலி என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வரும் தாய்மார்கள் உண்டு. உண்மையைச் சொல்லாவிட்டால் டாக்டர் வேறு நோய்க்குத்தான் மருந்து கொடுப்பார்.

அங்கே என்ன செய்வார்கள்? படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்ப்பார்கள். பிறப்பு வாசலையும் கருப்பை வாயையும் பார்ப்பார்கள். சிறுநீரைச் சோதிப்பார்கள். தேவையானால் கருப்பையை ஸ்கேன் செய்வார்கள். சிறுநீர்ப்பைக்குள் சிறு குழாய்க் கருவியை விட்டுப் பார்ப்பதும் உண்டு. திசுவின் இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் கருவிகளும் இப்போது இருக்கின்றன. ஆனால் சாதாரணச் சதைமொட்டைக் கண்டறிய அனுபவமுள்ள டாக்டரின் கண்ணும் கையுமே பெரும்பாலும் போதும்.

தொல்லை தராத மொட்டுக்கு மருந்தே வேண்டியதில்லை; அவ்வப்போது பார்த்துக்கொண்டால் சரி. தொல்லை தருவதற்கு முதல் சிகிச்சை, வெதுவெதுப்பான நீர் நிரப்பிய அகலமான பேசினில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. அது எரிச்சலைத் தணிக்கும். அடுத்தது ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பு. டாக்டர் சொன்ன அளவில் தடவி வந்தால், சில வாரங்களில் மெலிந்த சவ்வு மீண்டும் தடிக்கிறது, இரத்த ஓட்டம் சீர்ப்படுகிறது, புரண்ட உதடு ஓரளவு உள்ளடங்குகிறது, மொட்டும் சுருங்குகிறது. காரணம் எதுவோ அதையே சரிசெய்யும் மருந்து இது. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர்கள் அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களும் அதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இரத்தக் கசிவு மிகுதியாக இருக்கும்.

களிம்புக்கு அடங்காமல் பெரிதாக இருந்தாலோ, அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ, உறைந்து வலித்தாலோ, ஐயத்துக்கிடமாக இருந்தாலோ அதை வெட்டியெடுப்பார்கள். இது சிறிய அறுவைதான். சிறுநீர் தடையின்றிப் போகச் சிறிது காலம் ரப்பர்க் குழாய் வைத்திருப்பார்கள். எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். முடிவைக் கேட்டு வாங்கிக்கொள்வது நம் பொறுப்பு. சிலருக்கு மொட்டு மறுபடியும் வளர்வதுண்டு. ஆகவே, எடுத்தாயிற்று, இனி ஒன்றுமில்லை என்று இருந்துவிடாமல் சொன்ன தேதியில் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

செய்யக் கூடாதவை சிலவற்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மொட்டின் அடியில் நூலையோ தலைமுடியையோ கட்டி அறுந்து விழச் செய்வது கூடவே கூடாது. இரத்த ஓட்டம் நின்று சதை அழுகும், கிருமி ஏறும், சிறுநீரே அடைபடக்கூடும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது, கிருமிநாசினியை நீரில் கலந்து கழுவுவது, வாசனைச் சோப்பைத் தேய்ப்பது ஆகியவை மெலிந்த சவ்வை மேலும் புண்ணாக்கும். வெறும் தண்ணீரே போதும். அண்டை வீட்டார் பயன்படுத்தி மிச்சம் வைத்த களிம்பையும் தடவக் கூடாது.

செய்ய வேண்டியவை எளியவை. பருத்தி உள்ளாடையைத் தளர்வாக அணியுங்கள். தண்ணீர் போதிய அளவு குடியுங்கள். எரிச்சலுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிவாகி எரிச்சல் கூடும். சிறுநீரை அடக்கிவைக்க வேண்டாம். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவு இருந்தால் கட்டுப்பாட்டில் வையுங்கள். கறை தென்பட்டால் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். சிறுநீரோடு கலந்து வந்ததா, துடைத்தபோது மட்டும் தெரிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று. பூப்படையாத சிறு பெண்பிள்ளைகளுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவுதான். அவர்களில் சிலருக்குச் சிறுநீர்த்தாரையின் சவ்வு துவாரத்தைச் சுற்றி வளையம்போல் வெளியே பிதுங்கி, இரத்தக் கறை வருவதுண்டு. இதைக் கண்டு பிள்ளையை அதட்டவும் வேண்டாம், மூடி மறைக்கவும் வேண்டாம். தாயோ பாட்டியோ உடனே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். கறைக்குக் காரணம் எதுவானாலும், அதைப் பிரித்தறிந்து சொல்ல அவரால் முடியும்.

குடும்பத்து ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ தாயோ கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று சொன்னால், எதற்கு என்று பலர் முன்னிலையில் கேட்காதீர்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து அழைத்துப் போங்கள். அல்லது பேரப்பிள்ளையை அன்றைக்கு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பல தாய்மார்கள் தள்ளிப்போடுவதற்குக் கூச்சம் பாதிக் காரணம்; வீட்டு வேலையை யார் பார்ப்பது என்பது மறுபாதி.

தாய்மார்களே, விடியற்காலையில் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் நீங்கள். பட்டையின் நிறம் மாறினாலே மரத்துக்கு என்ன குறை என்று பார்த்தவர்கள். அந்தக் கவனத்தில் சிறிது உங்கள் உடலுக்கும் கொடுங்கள். விலக்கு நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் தென்பட்டால் அந்த வாரத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். சதைமொட்டுதான் என்று அவர் சொன்னால் நிம்மதியாகத் திரும்பலாம். வேறு ஏதாவது என்றால், காலத்தோடு வந்தோம் என்ற பலன் கிடைக்கும். எப்படியும் போனதால் நட்டமில்லை.